கோடையில் டிரம்பெட் சுருதி ஏறுவது ஏன்?

கேள்வி (சத்துவாச்சாரி):
வணக்கம். அலுவலகம் முடிந்ததும் மொட்டை மாடியில் டிரம்பெட் பழகி வருகிறேன். கத்திரி வெயில் தொடங்கியதிலிருந்து, தேவாலயப் பாடகர் குழுவின் ஆர்மோனியத்தோடு சேர்ந்து வாசிக்கும்போது என் சுருதி சற்றே மேலேறி நிற்கிறது. நடு வால்வும் அழுத்தினால் உடனே எழும்புவதில்லை. பழுதுபார்க்கக் கொடுக்க வேண்டுமா?

பதில் (காட்பாடி):
ஐயா, சுருதியைப் பொறுத்தவரை கருவியில் குறை இருப்பதாகத் தோன்றவில்லை. குழாய்க்குள் உள்ள காற்று சூடாகும்போது அதில் ஒலியின் வேகம் கூடுவதால்தான் சுருதி ஏறுகிறது. ஆர்மோனியத்தின் உலோக நாக்குகளோ வெப்பத்தில் அவ்வளவாக மாறுவதில்லை என்பதால் வேறுபாடு நன்றாகவே காதில் விழும். சிறிது நேரம் ஊதிக் கருவியைச் சூடேற்றிய பிறகு, சுருதி சேர்க்கும் குழாயைக் கொஞ்சம் வெளியே இழுத்து வையுங்கள். காற்றின் பாதை நீண்டு சுருதி இறங்கிவிடும். உதட்டைத் தளர்த்திச் சமாளிக்க முயன்றால் நாதம் கெடும்.

பதில் (குடியாத்தம்):
வால்வைக் கழற்றி, வெதுவெதுப்பான சோப்பு நீரில் கழுவித் துடைத்து, வால்வு எண்ணெய் சில துளிகள் விடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், பிசுக்கேறிவிடும். வால்வுகளில் 1, 2, 3 என்று எண் பொறித்திருக்கும். இடம் மாற்றிப் போட்டால் காற்றே சரியாகப் போகாது.

கேட்டவர்:
மிக்க நன்றி. இன்றே வால்வைக் கழற்றிப் பார்க்கிறேன்.