வெங்கச்சங்கல், மஞ்சாடி, தூக்கணாங்கூடு: பொறுக்கி வீட்டுக்குள்ள கொண்டுவந்தவை (அனுபவப் பகிர்வு; பத்தி தலைப்புல இருக்குறது எழுதினவங்க புனைபெயர்)

பாலாத்தங்கரை:
விரிஞ்சிபுரம் பக்கம் பாலாத்துல கெடைச்ச ரெண்டு வெங்கச்சங்கல் (குவார்ட்ஸ், வெங்கச்சான்னும் சொல்வாங்க). கரண்ட் போன நேரம், ஜன்னல் சாத்தின ரூம். ஒண்ணு மேல ஒண்ணை அழுத்தி இழுத்ததும் கல்லுக்கு உள்ள ஆரஞ்சு வெளிச்சம். பொறி பறக்கல. கல்லு முழுக்க உள்ளேர்ந்து ஒரு நொடி எரிஞ்சு அணைஞ்சது, கூடவே ஒரு தீஞ்ச வாசனை. இரும்புல சிக்கிமுக்கி உரசி வர்ற பொறி வேற, இது வேற. படிகம் நொறுங்கும்போது வர்ற வெளிச்சம் இது, பஞ்சை வெச்சாலும் பத்தாது. தண்ணிக்குள்ள வெச்சு உரசினாலும் வரும்.

முட்டை அளவுல, ஒரு பக்கமாவது தட்டையா இருக்குற ஜோடி வேணும். டார்ச் அடிச்சா வெளிச்சம் உள்ள இறங்கணும். இருட்டுக்குக் கண் பழக 10 நிமிஷம் விடுங்க. சுத்தியல் மாதிரி அடிக்காதீங்க, சில்லு தெறிச்சுக் கண்ணுல விழும். உரசின வெள்ளைத் தூளை மூச்சுல இழுக்காதீங்க, அது சிலிக்கா.

வரலன்னு சொல்றவங்க பெரும்பாலும் சுக்கான்கல்லை (சுண்ணாம்புக் கல்லு) எடுத்திருப்பாங்க. ஆத்துல வெள்ளையா கெடக்குறது எல்லாம் வெங்கச்சான் இல்ல. எலுமிச்சைச் சாறு ரெண்டு சொட்டு விடுங்க: சுக்கான்கல் நுரைக்கும், வெங்கச்சான் சும்மா இருக்கும். பழைய பாட்டில்ல கீறிப் பாருங்க, வெங்கச்சான் கோடு போடும்.

சத்துவாச்சாரி மாடிவீடு:
வெளிச்சம் இருக்கட்டும். ஆத்துல சிவப்பும் பச்சையுமா மின்னுன கூழாங்கல், ஹால் ஷெல்ஃபுல வெச்ச மறுநாளே சாம்பல் பூசின மாதிரி ஆயிடுச்சு. மேல வெள்ளையா ஒரு பூப்பு வேற. அந்தக் கல்லோட முகம் இன்னும் மறக்கல.

ரெண்டும் தனித்தனி விஷயம். வெள்ளைப் பூப்பு உப்பு. தோல் பதனிடுற ஊருங்களைத் தாண்டி வர்ற ஆறு, கல்லோட வெடிப்புல உப்பு ஊறியிருக்கும். பக்கெட்ல முழுக வெச்சு தினமும் தண்ணி மாத்தி 4 நாள். அஞ்சாம் நாள் நிழல்ல காயவெச்சுப் பாருங்க. திரும்பப் பூத்தா இன்னும் 4 நாள். போர் தண்ணி உப்பா இருந்தா கடைசி முக்கலுக்கு கேன் தண்ணி.

நிறம் மங்குறது கல்லோட சொரசொரப்பால. தண்ணி அந்தச் சின்னக் குழியை நிரப்பும்போது வெளிச்சம் சிதறாம உள்ள போகுது, காஞ்சதும் சிதறுது. தேங்காயெண்ணெய் தடவாதீங்க. ஒரு மாசத்துல சிக்கு வாடை, மேல தூசி அப்பிக்கும். குழந்தைக்குத் தடவுற மினரல் எண்ணெய் ரெண்டு சொட்டு, துணியில தொட்டுத் துடைச்சாப் போதும். வார்னிஷ் வேணாம், வெயில் படுற ஜன்னல்ல மஞ்சளாயிடும்.

இல்லன்னா பித்தளை உருளியில தண்ணி ஊத்திக் கல்லைப் போடுங்க, அதுக்கு மேல அழகு எதுவும் இல்ல. ஆனா 3 நாளைக்கு ஒரு தடவை தண்ணியைக் கொட்டி, உருளி ஓரத்தையும் கல்லையும் நார் போட்டுத் தேய்க்கணும். டெங்கு கொசு முட்டை தண்ணி விளிம்புல ஒட்டிக்கிட்டு இருக்கும். தண்ணியை மட்டும் மாத்தினா முட்டை அப்படியே நிக்கும்.

அரக்கோணம் லைன்:
கல்லுக்கு இவ்ளோவா! மஞ்சாடிக்கு வாங்க. காத்தடிச்ச மறுநாள் மரத்தடி. நெத்து முறுக்கிக்கிட்டு வெடிச்சு, ஓட்டுல ஒவ்வொரு விதையும் அப்படியே ஒட்டிக்கிட்டு தொங்குது, நகைக்கடை தட்டு மாதிரி. குனிஞ்சு பாத்தா தரை பூரா சிவப்பு. கழுவத் தேவையில்ல, பாலிஷ் தேவையில்ல, வருஷக்கணக்கா நிறம் போகாது. ஏறக்குறைய 4 விதை ஒரு கிராம். கண்ணாடிக் குடுவையில கால் கிலோ போட்டு ஜன்னல்ல வெச்சா ரூமே வேற மாதிரி ஆயிடும்.

கோர்க்கணும்னா 1 மி.மீ. டிரில் பிட். மரக்கட்டையில பள்ளம் தோண்டி விதையை அமுக்கி வெச்சு, மெதுவா. ஊசியை அடுப்புல காய்ச்சிக் குத்தாதீங்க, தோல் கருகி வெடிக்கும்.

திண்ணை வாசல்:
@அரக்கோணம் லைன், முக்கியமானதை விட்டுட்டீங்களே. மஞ்சாடியையும் குன்றிமணியையும் ஒரே குடுவையில போட்டு வைக்கிற வீடு எத்தனை இருக்கு தெரியுமா?

மஞ்சாடி முழுச் சிவப்பு, தட்டையா, லேசா இதய வடிவம், மரத்துல காய்க்கும். குன்றிமணி உருண்டை, ஒரு முனையில கருப்புக் கண்ணு, வேலியில படர்ற கொடி. வேலிக்கொடியில காய் வெடிச்சு சிவப்பும் கருப்புமா எட்டிப் பாக்குறதை ஒருதடவை கண்டவங்களுக்குக் கை சும்மா இருக்காது. அதனால தான் சொல்றேன். குன்றிமணிக்குள்ள இருக்குற அப்ரின் கொடிய விஷம். முழுசா விழுங்கினா தோல் கெட்டியா இருக்குறதால அப்படியே வெளியே போயிடலாம். கடிச்சாலோ, ஓட்டை போட்ட மணியா இருந்தாலோ ஆபத்து. அதனால குன்றிமணியை டிரில் பண்ணவே கூடாது, தூளும் விஷம். கோர்த்த மாலை குழந்தை இருக்குற வீட்டுல வேணாம். வாயில போட்டுட்டாங்கன்னு தெரிஞ்சா வாந்திக்குக் காத்திருக்காம ஆஸ்பத்திரி. அறிகுறி மணிக்கணக்குல தள்ளித்தான் வரும்.

களிமண் பிள்ளையாருக்குக் கண்ணு வைக்கிற குன்றிமணியும் இதேதான். பிள்ளையாரைக் கரைச்சப்புறம் பக்கெட் அடியில ரெண்டு கண்ணு கெடக்கும். அதை எடுத்து வெச்சுடுங்க. ஒவ்வொரு வருஷமும் அதை யாரும் தேடுறதில்ல.

கணியம்பாடி கிணத்தடி:
ஐப்பசிக் காத்துல பனையிலேர்ந்து விழுந்த தூக்கணாங்கூடு. கையில எடுத்தா எதிர்பாத்ததை விட கனம். உள்ள விரல் விட்டா சுவர்ல காஞ்ச மண்ணு உருண்டை உருண்டையா அப்பியிருக்கு. மின்மினியை ஒட்டி விளக்கு வெச்சுக்கும்னு சொல்வாங்களே, அந்த மண்ணு. மின்மினி இல்ல. பக்கத்துலயே இன்னொண்ணு, குழாய் இல்லாம ஹெல்மெட் மாதிரி பாதியில நின்னது. ஆண் குருவி அந்த அளவுக்குக் கட்டிட்டுப் பெட்டையைக் கூப்பிடும். புடிக்கலன்னா அப்படியே விட்டுட்டு வேற கட்டும். அந்தப் பாதிக் கூட்டைக் கையில வெச்சுக்கிட்டு நின்னது தான் நெஞ்சுல நிக்குது.

வீட்டுல மாட்டணும்னா முதல்ல பேன், உண்ணி சாகணும். பாலிதீன் கவர்ல காத்துப் புகாம கட்டி ஃப்ரீசர்ல ஒரு வாரம். வெளிய எடுத்ததும் கவரைப் பிரிக்காதீங்க. ரூம் சூட்டுக்கு வந்தப்புறம் பிரிச்சாத்தான் நார் நனையாது, பூஞ்சை வராது.

இன்னா சார்:
இன்னா பா ஃப்ரீசரு. குழாயோட கூடு ஒண்ணரை அடி வரும், எந்த ஃப்ரீசர்ல நொழையும்? மீனு வெக்கிற எடத்துல உண்ணிக் கூடா? கருப்புக் கவர்ல கட்டி மொட்டைமாடியில ரெண்டு நாள் போடு. வேலூர் வெயிலு, உள்ள ஒண்ணும் உயிரோட இருக்காது.

கணியம்பாடி கிணத்தடி:
அண்ணா, சித்திரையில சரி. கூடு விழுறது ஐப்பசி கார்த்திகையில. அப்ப மாடியில வெயில் எங்க இருக்கு? கவருக்குள்ள வேர்த்து ஒரே நாள்ல பூஞ்சை. கோடை வரைக்கும் கவர் இல்லாம வீட்டுக்கு வெளிய நனையாத எடத்துல வெச்சிருந்து, அப்புறம் கவர்ல கட்டிக் காயப்போட்டா ஒத்துக்கறேன். ரொம்ப நாள் விட்டா நார் முறுக்கா நொறுங்கும், அதையும் சொல்லிடுங்க.

திண்ணை வாசல்:
ரெண்டு பேரும் விட்டது: மரத்துல தொங்குறதைப் பறிக்காதீங்க. காலியாத் தெரியுற கூட்டுல சில்லைக் குருவிங்க குடியேறும். முட்டையையோ கூட்டையோ கலைக்கிறதும் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டைக் கணக்குல தான் வரும். விழுந்ததுன்னாலும் உள்ள குஞ்சு இருக்கான்னு பாத்துட்டு எடுங்க. கூட்டுக்குள்ள பல்பு போடுறவங்க ஜீரோ வாட் குண்டு பல்பைப் போடாதீங்க. பேருதான் ஜீரோ, சூடு நல்லாவே வரும், காஞ்ச புல்லு. பேட்டரியில எரியுற சீரியல் எல்.இ.டி. போதும்.

ஏலகிரி வளைவு:
மலை ரோட்டுல பங்குனிக் கடைசி. இலவங்காய் வெடிச்சு பஞ்சு பறக்குது, பஸ் கண்ணாடி மேல ஒரு கொத்து வந்து ஒட்டி, உள்ள கருப்பு விதை ஒண்ணு ஆடிக்கிட்டே இருந்தது. அவ்வளவுதான் பாத்தது.

ஆனா தலகாணி செய்யணும்னு யாராவது கேப்பீங்க, அதனால இப்பவே. (யாரும் கேக்கலன்னு தெரியும்.)

முதல்ல மரம். பெருசா சிவப்புப் பூ, அடிமரத்துல முள்ளு: அது முள்ளிலவு. சின்ன வெளிர் பூ, பச்சைத் தண்டு, குடைக்கம்பி மாதிரி கிளை நேரா நீட்டிக்கிட்டு இருக்குறது: தலகாணிக்கு அதான். காய் பழுப்பானதும் வெடிக்கிறதுக்கு முன்னாடி எடுக்கணும். வெடிச்சு தரையில விழுந்த பஞ்சுல மண்ணு, எறும்பு எல்லாம் சேரும். கொசுவலைக்கு அடியில காயவையுங்க, இல்லன்னா பஞ்சு பக்கத்து வீட்டுக்குப் போயிடும்.

ஓட்டை உடைச்சு நடுத்தண்டை எடுத்துடுங்க. விதை பஞ்சோட ஒட்டியிருக்காது, சும்மா சுத்திக்கிட்டுத்தான் இருக்கும். உயரமான கூடையில பாதி நிரப்பி, கவட்டைக் குச்சியை மத்து மாதிரி கடைஞ்சா விதை அடியில இறங்கும். மூக்குல ஈரத்துணி கட்டுங்க. விதையை அலட்சியமா விட்டா எலி தலகாணியைக் கிழிக்கும், எண்ணெய் விதை அது.

16க்கு 24 அங்குலத்துக்கு ஒரு கிலோ. முதல் நாள் பந்து மாதிரி நிக்கும், பயப்படாதீங்க, ஒரு மாசத்துல அமுங்கும். அப்புறம் 100 கிராம் சேர்க்க ஓரத்துல 6 அங்குலம் கைத்தையல்ல விட்டு வையுங்க. துணி தான் எல்லாரும் கோட்டை விடுற இடம். பழைய புடவை, லுங்கியில எல்லாம் பஞ்சு வெளிய வரும். மெத்தைக்கடையில கோடு போட்ட நெருக்க நெசவுத் துணி கேளுங்க. உள்பக்கம் மெழுகுவர்த்தியை ஒரு தடவை தேய்ச்சுட்டு ரெண்டு வரிசை தையல்.

துவைக்கவே கூடாது, கட்டி கட்டியாயிடும். மாசம் ஒரு தடவை 2 மணி நேரம் வெயில். குச்சியால அடிக்காதீங்க. இழை உள்ள காலியான குழாய், அடிச்சா ஒடிஞ்சு தூளாகும். கொசுவத்தியைப் பக்கத்துல வைக்காதீங்க, பெட்ரோல் மாதிரி பிடிக்கும்.

அரக்கோணம் லைன்:
ஏலகிரி சார், பஸ்ல ஒட்டின ஒரு கொத்துக்கு இவ்வளவா?

சத்துவாச்சாரி மாடிவீடு:
கல்லுக்கு இவ்ளோவான்னு கேட்டவர் தானே நீங்க.

அணைக்கட்டு ரோடு:
பாறை இடுக்குல முழுசா ஒரு பாம்புச் சட்டை. தலைப்பக்கம் கண்ணு இருந்த எடத்துல ரெண்டு சின்னக் கண்ணாடிச் சில்லு மாதிரி மூடி, அதுவும் சட்டையோட சேர்ந்தே உரிஞ்சிருக்கு. அதுக்குப் பயந்து தூக்கிப் போடுறாங்க, வீணு. தண்ணி லேசா தெளிச்சு 5 நிமிஷம் விட்டா மிருதுவாகும். நியூஸ்பேப்பர் மேல விரிச்சு, நிழல்ல காயவெச்சு, ரெண்டு 2 மி.மீ. கண்ணாடிக்கு நடுவுல ஃபிரேம். கை கழுவிடுங்க. நீளத்தை வெச்சுப் பாம்பை அளக்காதீங்க, உரியும்போது சட்டை இழுபட்டு நீளும். வீட்டுக்குள்ள கெடைச்சா ஃபிரேமை அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல பொந்தைத் தேடுங்க.

பாலாத்தங்கரை:
தண்ணிக்குள்ள வெங்கச்சான் உரசுறதைப் பித்தளை உருளியில பண்ணாதீங்க, அடி பூரா கீறல் விழும். பழைய பிளாஸ்டிக் டப்பா, மேலே ரெண்டு அங்குலம் தண்ணி. தூளும் பறக்காது.