பிகேவியர் பிளானை ஐஇபி-க்குள் எழுத வைக்கலாமா?

கேள்வி – மழைத்துளி

வணக்கம். நியூ ஜெர்சியில் இருக்கிறோம். மகனுக்கு 7 வயது, 2-ஆம் வகுப்பு, ஆட்டிசம். எழுதச் சொன்னால் பென்சிலையும் நோட்டையும் வீசிவிட்டு மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்கிறான். உடனே ஆபீஸுக்கு அனுப்புகிறார்கள். டீச்சரிடம் ஒரு பக்க பிகேவியர் பிளான் இருக்கிறது. ஒழுங்காக இருந்தால் சாயங்காலம் ஒரு ஸ்டிக்கர், வீசினால் ஆபீஸ். அவ்வளவுதான். 3 வாரத்தில் வருடாந்திர ஐஇபி (சிறப்புக் கல்வி பெறும் பிள்ளைக்குப் பள்ளி எழுதித் தரும் தனிக் கல்வித் திட்டம்) மீட்டிங். பிளானை அதில் சேர்க்கக் கேட்டால், "அது வகுப்பு விஷயம், ஐஇபி-யில் தேவையில்லை" என்கிறார் கேஸ் மேனேஜர் (பள்ளியில் அவன் ஐஇபி-யைக் கவனிப்பவர்). விடாமல் கேட்கலாமா? சேர்த்தால் என்னென்ன இருக்க வேண்டும்?

பதில் 1 – கார்த்திகை

விடாமல் கேளுங்கள். ஆனால் இந்த ஒரு பக்கத்தை அப்படியே சேர்க்கச் சொல்லாதீர்கள். மோசமான பிளானுக்கு முத்திரை குத்தியது போலாகிவிடும்.

குழந்தையின் நடத்தை அவன் படிப்பையோ பக்கத்துப் பிள்ளைகளின் படிப்பையோ தடுத்தால், அதற்கு நேர்மறையான உத்திகளை ஐஇபி குழு பரிசீலித்தே ஆக வேண்டும் என்கிறது ஐடியா என்ற அமெரிக்க சிறப்புக் கல்விச் சட்டம். ஐஇபி படிவத்தில் இதற்கென ஒரு கேள்வி இருக்கும். அந்தப் பக்கத்தை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். வாரத்துக்கு நாலு தடவை ஆபீஸுக்கு அனுப்பிவிட்டு அங்கே "இல்லை" என்று குறித்திருந்தால், உங்கள் பேச்சை அங்கிருந்து தொடங்குங்கள்.

டீச்சரின் டிராயரில் கிடக்கும் பிளானை அவரே நாளைக்கு மாற்றலாம், நிறுத்தலாம், யாரையும் கேட்க வேண்டாம். ஐஇபி-யில் ஏறிவிட்டால் மீட்டிங் கூட்டி மாற்ற வேண்டும், இல்லையென்றால் உங்கள் சம்மதத்தோடு எழுத்தில் திருத்த வேண்டும். 3-ஆம் வகுப்பு டீச்சருக்கும் அது தானாகவே போய்ச் சேரும்.

கடைசியில் ஒரு தாளைப் பின் அடித்துக் கொடுப்பதோடு விட்டுவிடாதீர்கள். "இணைத்துள்ள பிளான் இந்த ஐஇபி-யின் பகுதி" என்று உள்ளே ஒரு வரி வேண்டும். நடத்தைக்கென்று தனி இலக்கு வேண்டும். வகுப்பு எய்டுக்கு (உதவியாளருக்கு) யார் பயிற்சி கொடுப்பார், எத்தனை மணி நேரம் என்பதை ஊழியர்களுக்கான ஆதரவு பகுதியில் எழுதச் சொல்லுங்கள். பெரும்பாலும் விட்டுப்போவது இதுதான்.

எஃப்பிஏ, அதாவது நடத்தை ஏன் வருகிறது என்று கண்டறியும் மதிப்பீடு வேண்டும் என்று இன்றே கேஸ் மேனேஜருக்கு மெயில் அனுப்புங்கள். வாயால் கேட்டது கணக்கில் வராது. எழுத்தில் கேட்டால் நியூ ஜெர்சியில் 20 நாட்காட்டி நாளுக்குள் பதில் தர வேண்டும் (பள்ளி விடுமுறை நாட்கள் சேராது). மறுத்தால் காரணத்தையும் எழுத்தில் தந்தாக வேண்டும்.

பதில் 2 – எறும்பு

பிகேவியர் அனலிஸ்டாக என் பங்குக்கு. வீசினான், ஆபீஸுக்குப் போனான், எழுத வேண்டிய வேலை போயிற்று. எழுத்திலிருந்து தப்பிக்க நல்ல வழி வீசுவதுதான் என்று பள்ளியே அவனுக்குக் கற்றுக்கொடுக்கிறது. நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் காரணம் தப்பித்தல் போலத் தெரிகிறது. ஆனால் ஊகத்தில் பிளான் போடக்கூடாது. கவனத்துக்காகவோ, ஒரு பொருளுக்காகவோ, உடல் உணர்வுக்காகவோ கூட இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

எஃப்பிஏ செய்கிறவர் ஒரு நாள் அரை மணி நேரம் எட்டிப் பார்த்துவிட்டு எழுதக்கூடாது. குறைந்தது 5 பள்ளி நாள், எழுத்து நேரத்திலும் மற்ற நேரத்திலும், முன்னால் என்ன நடந்தது, என்ன செய்தான், பின்னால் என்ன கிடைத்தது என்று குறிக்க வேண்டும். "ஆக்ரோஷம்" என்று எழுதினால் ஆளாளுக்கு ஒன்றை எண்ணுவார்கள். "கையில் உள்ள பொருள் மேஜையைத் தாண்டி விழும்படி எறிதல்" என்றால் எல்லாரும் ஒரே எண்ணிக்கைக்கு வருவார்கள்.

பிளானின் உயிர் மாற்று நடத்தையில் இருக்கிறது. வீசாதே என்றால் போதாது, அதே பலனைத் தரும் வேறு வழி கையில் இருக்க வேண்டும். மேஜை ஓரத்தில் வெல்க்ரோவில் ஒட்டிய "பிரேக்" கார்டு போதும். எடுத்து நீட்டினால் 2 நிமிட ஓய்வு, டைமர் அடித்ததும் அதே வேலைக்குத் திரும்ப வேண்டும். முதல் இரண்டு வாரம் கேட்ட ஒவ்வொரு முறையும் கொடுக்க வேண்டும். "இப்பத்தானே எடுத்த" என்று ஒரு தடவை மறுத்தால்கூட பென்சில் பறக்கும், ஏனென்றால் பழைய வழி அவனைக் கைவிட்டதே இல்லை. தண்டனையாகக் கார்டைப் பிடுங்கி வைத்துக்கொள்வது இன்னொரு தவறு. பேச்சு வராத நேரத்தில் வாயைப் பொத்தியது போல அது.

கூடவே வேலையையும் குறையுங்கள். 5 வாக்கியத்துக்குப் பதில் 1-ல் தொடங்கி மெல்ல ஏற்றுங்கள். சாயங்கால ஸ்டிக்கர் 7 வயதுக்கு ரொம்பத் தூரம். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு டோக்கன், 3 சேர்ந்தால் அவனுக்குப் பிடித்தது. பிடித்தது எது என்று அவனிடமே வாராவாரம் கேட்க வேண்டும்.

ஆபீஸுக்கு அனுப்புவதை நிறுத்தியதும் சில நாள் வீசுவது கூடலாம். பிளான் தோற்றுவிட்டது என்று பலர் கைவிடுவது அந்த வாரத்தில்தான். இதையும் பிளானிலேயே எழுதி வையுங்கள்.

ஒன்று கேட்க வேண்டும்: ஓடி (OT, கைவேலைத் திறன்களைக் கவனிக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்) அவன் கையெழுத்தைப் பார்த்தாரா? விரல் வலித்தால் எந்த டோக்கனும் உதவாது.

பதில் 3 – கரும்பலகை

ஸ்பெஷல் எட் வகுப்பிலிருந்து பார்த்தால், பிளான் உடைவது வகுப்பறையில் இல்லை. ஜிம், மியூசிக், மதிய உணவு, பஸ், டீச்சர் லீவு போட்ட நாள், இங்கேதான் உடைகிறது. அவனுக்குப் பாடம் நடத்தும் ஒவ்வொருவருக்கும் ஐஇபி-யில் தன் பொறுப்பு எது என்று சொல்லப்பட்டிருக்க வேண்டும் என்பது சட்டம். 8 பக்க பிளானைப் படிக்க யாருக்கும் நேரமில்லை. அரைப் பக்கச் சுருக்கம் ஒன்று கேளுங்கள்: முன்கூட்டி என்ன செய்வது, கார்டு நீட்டினால் என்ன, வீசினால் என்ன. சப்ஸ்டிட்யூட் (மாற்று டீச்சர்) ஃபோல்டரில் அது முதல் தாளாக இருக்கட்டும்.

இலக்கில் எண் வேண்டும். "நடத்தை மேம்படும்" என்பது இலக்கே இல்லை. வாரத்துக்கு 9 தடவை வீசுகிறான் என்றால் 12 வாரத்தில் 2 ஆகக் குறைப்பது ஒன்று, 10 சந்தர்ப்பத்தில் 8-ல் தானாகக் கார்டு எடுப்பது இன்னொன்று. இரண்டாவது உயராமல் முதலாவது குறைந்தால் எச்சரிக்கையாக இருங்கள். எழுதச் சொல்வதையே நிறுத்தியிருக்கலாம். யார் எண்ணுகிறார், எந்தத் தாளில், உங்களுக்கு எப்போது வரும் என்பதையும், 6 வாரத்தில் மறுபரிசீலனைத் தேதியையும் எழுத வையுங்கள். குறையவில்லை என்றால் முதல் கேள்வி, பிளானில் உள்ளபடி செய்தார்களா என்பது. மாற்றுவது அதற்கு அப்புறம்.

மழைத்துளி

மூவருக்கும் ரொம்ப நன்றி. ஓடி பார்க்கவே இல்லை, மெயிலில் அதையும் சேர்க்கிறேன். இரண்டு சந்தேகம். போன வருட இலக்குகளை இந்த வருடமும் அப்படியே போட்டிருக்கிறார்கள். இந்த மாதம் மூன்று தடவை 11 மணிக்கே ஃபோன் செய்து கூட்டிப்போகச் சொன்னார்கள், சஸ்பென்ஷன் என்று எங்கும் பதியவில்லை. இது சரியா?

பதில் – கார்த்திகை

இரண்டும் சரியில்லை. முதலில் இலக்கு. 2017-ல் எண்ட்ரூ எஃப். வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பேசியதும் இதைத்தான். கொலராடோவில் ஆட்டிசம் உள்ள பையன், வருடா வருடம் ஏறக்குறைய அதே இலக்குகள். தனியார் பள்ளி ஒன்று பிகேவியர் பிளான் போட்டதும் சில மாதத்தில் முன்னேறினான். அந்தக் குழந்தையின் சூழ்நிலைக்கு ஏற்ற முன்னேற்றத்துக்கு வழி செய்யும்படி ஐஇபி இருக்க வேண்டும், பேருக்கு ஏதோ கிடைத்தால் போதாது என்றது தீர்ப்பு. நகலடித்த இலக்கைக் காட்டி, ஒரு வருடத்தில் என்ன மாறியது என்று கேளுங்கள்.

நடத்தைக்காகப் பாதி நாளில் வீட்டுக்கு அனுப்புவதும் பள்ளியிலிருந்து விலக்கியதாகக் கணக்கில் வரலாம். அடுத்த ஃபோன் வந்ததும், "இன்று 11 மணிக்கு இன்ன காரணத்துக்காக அழைத்துப்போகச் சொன்னீர்கள்" என்று அன்றே மெயில் போடுங்கள். தொடர்ந்து 10 பள்ளி நாளுக்கு மேல் விலக்கினாலும், விட்டு விட்டு ஒரே மாதிரியாக 10-ஐத் தாண்டினாலும், முடிவெடுத்த 10 பள்ளி நாளுக்குள் ஒரு மீட்டிங் கூட்ட வேண்டும். அங்கே இரண்டு கேள்வி. அந்த நடத்தை அவனுடைய ஆட்டிசத்தால் வந்ததா? ஐஇபி-யைப் பள்ளி நிறைவேற்றாததால் வந்ததா? பிளான் டீச்சரின் டிராயரில் இருந்தால், பிரேக் கார்டு கொடுக்காத நாளை வைத்து இரண்டாவது கேள்வியில் உங்களால் பேசவே முடியாது.