புதுப்பிப்பு: புயலில் காலி லாரி, திரையைத் திறந்து கட்டியது பலித்தது

மொரீஷியஸில் புயலின்போது பக்கங்களில் சுவருக்குப் பதில் திரை போட்ட காலி லாரியை எப்படி நிறுத்துவது என்று கேட்டிருந்தேன். வழி சொன்ன அண்ணன்மார் அனைவருக்கும் நன்றி.

இரண்டாம் நிலைப் புயல் எச்சரிக்கை வந்ததுமே தலைநகர் போர்ட் லூயிஸை விட்டு மேட்டுப் பகுதியான கியூர்பிப்புக்கு வந்துவிட்டேன். 2024 ஜனவரியில் பெலால் புயலில் தலைநகரத் தெருக்களில் கார்கள் அடித்துச் செல்லப்பட்டதை மறக்க முடியுமா?

கைகொடுத்தது, இருபுறத் திரைகளையும் முழுக்கத் திறந்து லாரியின் கம்பத்தோடு இறுகக் கட்டும் யோசனைதான். மூடிய திரை கப்பற்பாய்போல் காற்றை வாங்கும். திறந்ததால் காற்று ஊடே புகுந்து போயிற்று, வண்டி ஆடியதோடு சரி. காற்றுக்கு எதிர்முகமாக நிறுத்தியது பாதிதான் உதவியது: புயல் நகர நகரக் காற்றும் திசை திரும்பியது.

எதிர்பாராதது: மழையில் நனைந்து நின்றதில் பின்சக்கரப் பிரேக், சக்கரத்தோடு சுழலும் டிரம்மோடு ஒட்டிக்கொண்டது. மெதுவாக முன்னும் பின்னும் அசைத்ததும் டக்கென்று விட்டது. பிரேக்கை இயக்கும் அழுத்தக் காற்றுத் தொட்டியில் தேங்கிய நீரையும் வடித்துவிட்டே கிளம்பினேன்.