டிராப்புக்குத் தமிழ்ல என்ன? (ஞாயிறு ராத்திரிக்குள்ள வேணும்)

சென்னையிலிருந்து:
எல்லாருக்கும் வணக்கம். எங்க கல்லூரியில இந்த செமஸ்டர்லேர்ந்து எலக்ட்ரானிக் டான்ஸ் மியூசிக் பண்ணவும் மேடையில வாசிக்கவும் ஒரு விருப்பப்பாடம் ஆரம்பிச்சிருக்கோம், பாதிப்பேர் தமிழ்வழியில படிச்சு வந்த பசங்க, அதனால லேப் குறிப்பு தமிழ்லயும் வேணும்னு மேலிடத்துல சொல்லிட்டாங்க. லூப், சாம்பிள், பீட் எல்லாம் அப்படியே விட்டுட்டேன், அதுக்கு யாரும் சண்டைக்கு வராதீங்க. மாட்டிக்கிட்டது டிராப், அதாவது பாட்டு ஏறிக்கிட்டே வந்து, கிக்கும் (பெரிய டிரம் அடி) பேஸும் (அடித்தொனி) திரும்ப மொத்தமா வர்ற இடம். மெஷின்ல போட்டு எடுத்த வரைவுல "16 பார் கழித்துத் துளி வரும்"னு இருக்கு (பார்னா நாலு அடி). சரின்னு "இறக்கம்"னு மாத்தி லேப்ல சொல்லிப் பார்த்தா, முன்வரிசைப் பையன் அந்த இடம் வந்ததும் மொத்த சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மாஸ்டர் ஃபேடரைக் கீழ இறக்கிட்டான். அவன் மேல தப்பே இல்ல. திங்கக்கிழமை காலையில வகுப்பு, ஞாயிறு ராத்திரி நகலெடுக்கக் குடுக்கணும்.

கோவையிலிருந்து:
வீழ்வு. வீழ்ச்சின்னா பங்குச்சந்தை ஞாபகம் வரும், விழல்னா இறைச்ச தண்ணிதான் ஞாபகம் வரும், வீழ்வு ரெண்டுலயும் மாட்டாது. தவிர வீழ்தலுக்கு விரும்புதல்னு இன்னொரு பொருள் இருக்கு, குறள்ல "தாம்வீழ்வார்"னா தாம் விரும்புறவர்தானே. ஆடுற கூட்டம் அந்த நொடிக்காகத்தான் ஏங்கி நிக்குது, ஆக விழுறதும் விரும்புறதும் ஒரே வேர்ச்சொல்லுக்குள்ள வந்துடுது. இதைவிடப் பொருத்தம் வேற எந்த மொழியிலயும் கிடைக்காது.

டொராண்டோவிலிருந்து:
கோவை அண்ணை, வேர் வடிவாத்தான் இருக்கு, ஆனா டிராப்பில விழுறது ஒண்டும் இல்லை, திரும்பி வாறதுதான் இருக்கு. ஹவுஸ் எண்ட நடன இசை எண்டா நிமிசத்துக்கு 120க்கும் 128க்கும் இடையில அடி, ஒவ்வொரு அடிக்கும் கிக். எட்டோ பதினாறோ பாருக்கு முன்னமே கிக்கை எடுத்துப்போடுவம், ஹைபாஸ் ஃபில்டரால பேஸைக் கொஞ்சம் கொஞ்சமா வழிச்சு எடுப்பம், ஸ்நேர் டிரம் முதல்ல அடிக்கு ஒண்டு, பிறகு ரெண்டு, பிறகு நாலு, பின்னால வெள்ளை இரைச்சல் ஏறிக்கொண்டே வரும், கடைசியில அரை பார் வெறுமை. அதுக்குப் பிறகு கிக்கும் பேஸும் சேர்ந்து வந்து இறங்குதே, அதுதான் டிராப். வேடிக்கை என்னெண்டா ஜமைக்கா ரெகேயில "வன் டிராப்" எண்டா முதலாம் அடியை அடிக்காம விடுறது. ரெகேயில இருந்து வந்த டப் மியூசிக்கில கிங் டப்பி எண்ட சவுண்ட் எஞ்சினியர் மிக்சர் மேசையில இருந்து டிரம்மையும் பேஸையும் வெட்டி வெட்டி விட்டவர், அங்கயும் எடுத்துவிடுறதுக்குத்தான் இந்தச் சொல். எடுக்கிறதுக்கும் அதே சொல், குடுக்கிறதுக்கும் அதே சொல், பிறகு தமிழில ஒரு சொல் எண்டா எப்பிடி வரும்?

மதுரையிலிருந்து:
நான் கல்யாணத்துக்கு, கோயில் விசேஷத்துக்கு சவுண்ட் சர்வீஸ் பாக்குறவன், படிப்பு கம்மி. இதுக்கு ஏன் ஜமைக்கா வரைக்கும் போறீங்கன்னு புரியல. தாலி கட்டப்போற நேரம் நாதஸ்வரம் மெதுவா ஓடிட்டிருக்கும், ஐயர் கையைத் தூக்கிட்டு வித்வானையே பாப்பாரு, மண்டபத்துல பேச்சு நிக்கும், "கெட்டிமேளம் கெட்டிமேளம்"னு ஒரு குரல், உடனே தவில் மொத்தமா எறங்கும், நாங்க மானிட்டர்ல கைய வச்சுக்கிட்டுதான் நிப்போம், இல்லன்னா மைக் கத்திரும். இதுதான் உங்க டிராப். பேரு கெட்டி. "கெட்டி போடு", "கெட்டி விழுற எடம்", எவனுக்கும் புரியும். முன்னாடி வர்றதுக்குப் பேரு பில்டப்பு, அது எப்பவோ தமிழாயிருச்சு, வடிவேலு காமெடி பாத்தவனுக்கு அர்த்தம் சொல்லணுமா?

தஞ்சையிலிருந்து:
அன்பர்களுக்கு, தேடிக்கொண்டிருப்பதை முன்னோர் செய்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். யாப்பிலக்கணம் கூறும் பாவகைகளுள் ஒன்றான அம்போதரங்க ஒத்தாழிசைக் கலிப்பாவை நினைவுகூர்க. அதன் உறுப்புகள் வரிசையாக: தரவு, தாழிசை, அம்போதரங்கம், தனிச்சொல், சுரிதகம். அம்போதரங்க உறுப்பில் நாற்சீர் ஈரடி இரண்டு, நாற்சீர் ஓரடி நான்கு, முச்சீர் ஓரடி எட்டு, இருசீர் ஓரடி பதினாறு. கரையை நெருங்க நெருங்க அலை சிறுத்து, எண்ணிக்கை இரட்டித்துக்கொண்டே போகிறது. டொராண்டோ அன்பர் சொன்ன ஸ்நேர் கணக்கு இதுவன்றி வேறென்ன? முடிந்ததும் தனிச்சொல்! உங்கள் பாட்டிலும் அந்த இடத்தில் யாரோ ஒற்றைச் சொல் கத்துகிறார்களாமே, பேரன் போட்டுக் காட்டினான். எனவே பில்டப் அம்போதரங்கம், டிராப் சுரிதகம்.

கோவையிலிருந்து:
ஐயா, அம்போதரங்கமே வடமொழி. தண்ணி, அலைன்னு பொருள் தர்ற ரெண்டு சொல்லும். இதைப் போட்டு எதைச் சாதிக்கப்போறோம்.

தஞ்சையிலிருந்து:
வடமொழிதான், யார் இல்லையென்றார். அதே உறுப்புக்கு "எண்" என்றும் பெயர் உண்டு. பேரெண், அளவெண், இடையெண், சிற்றெண். தூய தமிழ். எடுத்துக்கொள்ளுங்கள்.

சென்னையிலிருந்து:
ஐயா, "சிற்றெண்ணில் ஸ்நேரைப் பதினாறாக்குக"ன்னு எழுதினா பசங்க அது கணக்குப் பாடம்னு நினைச்சுப்பாங்க 🙏

டொராண்டோவிலிருந்து:
கலிப்பாக் கணக்கு அச்சொட்டாப் பொருந்துது, வகுப்பில சொல்லிக் குடுக்கலாம். ஆனா சுரிதகத்தோட பாட்டு முடிஞ்சிடும். எங்கட டிராக்கில முதல் டிராப் பாதிக்கு முன்னமே வந்திடும், பிறகு திரும்ப அடக்கி, திரும்ப ஏத்தி, இன்னொண்டு.

தஞ்சையிலிருந்து:
உறுப்புகள் மிகுந்தும் மயங்கியும் வந்தால் அது மயங்கிசைக் கொச்சகம். அதற்கும் இலக்கணம் உண்டு.

மதுரையிலிருந்து:
மயங்கிசை நல்லாருக்கு. பாட்டுக்குப் பேரு அதையே வச்சிரலாம் போல.

கோவையிலிருந்து:
பேர்னதும் ஞாபகம் வருது, போன வருஷம் இதே குழுவுல ஹவுஸ் மியூசிக்கை "மனையிசை"ன்னு ஒருத்தர் போட்டார். அந்தப் பேர் சிகாகோல டிஜே ஃபிராங்கி நக்கிள்ஸ் வாசிச்ச வேர்ஹவுஸ் கிளப்லேர்ந்து வந்ததுன்னுதான் பரவலா சொல்றாங்க. மனைக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

மதுரையிலிருந்து:
வேர்ஹவுஸ்னா கிட்டங்கிதானே, அப்ப கிட்டங்கி இசை.

கோவையிலிருந்து:
சிரிக்காம யோசிச்சா அதுதான் சரி. இதையும் சொல்லிடறேன், ரோலண்ட் கம்பெனியோட 808 டிரம் மெஷின், 303 பேஸ் சிந்தசைசர் பெட்டியை வச்சு நம்ம மும்பை சரண்ஜித் சிங் 1982லேயே ராகம் வாசிச்சு ரெக்கார்டு போட்டுட்டார். சிகாகோக்காரங்க அதே 303ல ஆசிட் ஹவுஸ்ங்கற ஹவுஸ் வகையைப் பண்ணினது அதுக்குப் பல வருஷம் கழிச்சு. அன்னிக்கே யாராவது தமிழ்ப் பேர் வச்சிருந்தா இப்ப இந்த இழையே தேவைப்பட்டிருக்காது.

சென்னையிலிருந்து:
ஐயோ, எனக்கு ஒரே ஒரு சொல்தாங்க வேணும். கெட்டியை நாலஞ்சு பசங்ககிட்ட போன்ல கேட்டேன், ரெண்டு பேர் உடனே பிடிச்சுக்கிட்டாங்க, ஒருத்தி மட்டும் "சவுண்டு கெட்டியா இருக்கணுமா மேம்"னு கேட்டா.

கோவையிலிருந்து:
அதான் சிக்கல். அதோட கெட்டி நம்ம சொல்லே இல்ல, தெலுங்கு "கட்டி".

தஞ்சையிலிருந்து:
கட்டு, கட்டி, கெட்டி. நம் சொல்தான். தெலுங்கிலும் இருப்பதால் தமிழ் இல்லையென்றாகுமா? கோவை அன்பரின் அளவுகோலில் பார்த்தால் பாதி அகராதியைக் கொளுத்தவேண்டும்.

டொராண்டோவிலிருந்து:
வேரை விடுங்கோ. அந்தப் பிள்ளை கேட்டது நல்ல கேள்வி. கெட்டி எண்டால் சத்தம் கூடவேணும் எண்டு நினைச்சு சத்தத்தை ஒரு அளவுக்கு மேல போகவிடாம அமத்துற லிமிட்டரை அழுத்தி எல்லாத்தையும் சப்பட்டையாக்கிப் போடுவினம். டிராப் பெருசாக் கேக்கிறது அதின்ர சத்தத்தால இல்லை, முன்னுக்குப் பேஸ் இல்லாம இருந்ததால. எனக்குப் படிப்பிச்சவர் டிராப்பைத் தொடவே விடமாட்டார், பில்டப்பில இருந்து இன்னும் எடு, இன்னும் எடு எண்டுவார். மேடையிலயும் இதே கதைதான். போற பாட்டின்ர பில்டப்பையும் வாற பாட்டின்ர டிராப்பையும் 32 பார் கணக்கில நேராக்கவேணும், அந்த அடியில ஒரு கையால பழைய பாட்டின்ர லோ ஈக்யூவை (பேஸைக் கூட்டிக் குறைக்கிற திருகை) முழுக்க வெட்டி மற்றக் கையால புதுசைத் திறக்கவேணும், ரெண்டு பேஸும் சேர்ந்து நிண்டா சேறுதான். ஆகவே எந்தச் சொல்லைப் போட்டாலும் பக்கத்தில "பேஸ் திரும்பி வரும் இடம்" எண்டு ஒரு வரி எழுதுங்கோ. என்ர வாக்கு கெட்டிக்கு.

மதுரையிலிருந்து:
நான் சொன்ன சொல்லு, அதனால கெட்டிதான். கல்யாண சொல்லா இருக்கேன்னு யாரும் யோசிக்க வேணாம், எங்க ஏரியால டிஜேக்கு பாதி சோறு கல்யாணத்துலதான்.

தஞ்சையிலிருந்து:
நேரமில்லை என்பதால் கெட்டிக்குத் தடை சொல்லவில்லை. ஆனால் அடிக்குறிப்பில் அம்போதரங்கம் வரவேண்டும். நான்கு வரி நானே எழுதி அனுப்புகிறேன்.

சென்னையிலிருந்து:
நாலு வரின்னு சொல்லிட்டு ஐயா ரெண்டு பக்கம் அனுப்பியிருக்கார், எண்ணிக்கை இரட்டிக்கிற பகுதியை மட்டும் எடுத்துக்கிட்டேன், மன்னிக்கணும். "கெட்டி (டிராப்): பேஸும் கிக்கும் திரும்பி வரும் இடம்"னு போட்டாச்சு. பில்டப் பில்டப்பாவே இருக்கு. இப்ப 11 மணி, கடைக்காரர் காத்திருக்கார். கடைசியா ஒண்ணு, கிக் விழும்போதெல்லாம் பேஸ் தானா அமுங்குற சைட்செயினுக்கு வரைவுல "பக்கச் சங்கிலி"ன்னு இருக்கு, அதையாவது விட்டுடலாமா?

டொராண்டோவிலிருந்து:
ஐயோ சங்கிலி வேண்டாம். "வழிவிடல்" எண்டு போடுங்கோ. பேஸ் கிக்குக்கு வழி விடுது, அவ்வளவுதான் விசயம்.

கோவையிலிருந்து:
வழிவிடலை ஏத்துக்கறேன். கெட்டியை ஏத்துக்கல, காபிக்கு வச்ச குளம்பிக்கு ஆன கதிதான் அதுக்கும். என் சொல்வங்கியில வீழ்வுன்னுதான் ஏத்தப்போறேன், வேர் விளக்கத்தோட.