‘இன்வேரியன்ட் கல்ச்சர்’: ‘மாறா வழக்கு’ எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

மைக்ரோசாஃப்டின் டாட்நெட் என்னும் நிரலாக்கத் தளத்தில், கணினிக்குக் கணினி மாறாத எழுதும் முறையைக் குறிக்கும் ‘இன்வேரியன்ட் கல்ச்சர்’ என்ற சொல்லுக்குத் தமிழில் ‘பண்பாடு சாரா’ என்ற முன்மொழிவை ஏற்பதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. அங்கே ‘கல்ச்சர்’ எனப்படுவது, தேதியை எந்த வரிசையில் எழுதுகிறார்கள், எந்த நாட்காட்டியைப் பின்பற்றுகிறார்கள், பின்னத்துக்கு முன் புள்ளி இடுகிறார்களா காற்புள்ளி இடுகிறார்களா என்பன போன்ற எழுதும் முறைகளின் தொகுப்பே. அதற்குப் ‘பண்பாடு’ மிகப் பெரிய சொல், ‘வழக்கு’ பொருந்தும்.

‘சாரா’ என்பதில் சிக்கல் இன்னும் பெரிது. இன்வேரியன்ட் கல்ச்சர் மாதப் பெயர்களை ஆங்கிலத்தில்தான் தருகிறது. 2024 மார்ச் 5ஆம் நாளைச் சுருக்கமாக எழுதச் சொன்னால், அமெரிக்கர்களைப் போல மாதத்தை முன்னே வைத்து 03/05/2024 என்கிறது. ‘சாரா’ என்ற பெயரை நம்பி, நம் ஊர் முறைப்படி 05/03/2024 என எழுதிய கோப்பை அதைக் கொண்டு படித்தால், பிழைச்செய்தி எதுவும் இல்லாமல் மே 3 கிடைக்கும். 13ஆம் தேதி வரும்போதுதான், பதின்மூன்றாவது மாதம் இல்லை என்பதால் நிரல் நிற்கும். அதற்குள் தரவுத்தளத்தில் தவறான தேதிகள் சேர்ந்திருக்கும்.

அதன் உண்மையான பயன் மாறாமைதான். தாய்லாந்து அமைப்புள்ள கணினியில், வழக்கு எதையும் குறிப்பிடாமல் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதச் சொன்னால், புத்த நாட்காட்டிப்படி 2567-03-05 என்று வரும்; சவூதி அமைப்பில் ஹிஜ்ரி ஆண்டு 1445 வரும். வரிசையை நாமே வகுத்துக் கொடுத்த பிறகும் நாட்காட்டி மாறிவிடுகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அதே வரிசையோடு இன்வேரியன்ட் கல்ச்சரையும் குறிப்பிட்டுவிட்டால் எந்தக் கணினியிலும், தேதி எழுதுவதற்கான பன்னாட்டுத் தரமான ஐஎஸ்ஓ 8601 சொல்லும் அதே வடிவில், 2024-03-05 என்றே கிடைக்கும். ஆகவே ‘மாறா வழக்கு’ என்று முன்மொழிகிறேன்.

‘வழக்கு’ நீதிமன்றத்தை நினைவூட்டும் என்ற மறுப்பு எழலாம். ‘உலக வழக்கு’, ‘பேச்சு வழக்கு’ என அடையோடு வருமிடங்களில் யாரும் குழம்புவதில்லை. ஆனால் கணினியில் நடப்பிலுள்ள அமைப்பை ‘வட்டார வழக்கு’ என்பது சரிவராது. அது கிளைமொழியைக் குறித்து நிலைபெற்ற சொல். அதைப் ‘பயனர் வழக்கு’ என்றால், கோப்பில் சேமிக்க மாறா வழக்கு, திரையில் காட்டப் பயனர் வழக்கு என்று ஆவணங்களில் தெளிவாக எழுத முடியும்.