மெஜஸ்டி வைத்த பிறகு இம்மார்ட்டல் கிராப்பிள் செல்லுமா?

பனிநிலா (கேள்வி)

வேம்பயர்: தி எடர்னல் ஸ்ட்ரகிள் கார்டு விளையாட்டில் காம்பேட் (மோதல்) வரிசை பற்றிச் சில சந்தேகங்கள். நிலைமை இதுதான்.

ப்ரூஹா குல வேம்பயர் ஒன்று ப்ளீட் செய்யக் (எதிராளியின் புள்ளிகளை உறிஞ்சக்) கிளம்புகிறது, டொரியடோர் குல வேம்பயர் ஒன்று ப்ளாக் செய்கிறது (தடுத்து மோதுகிறது). டொரியடோரிடம் ரத்தம் 3, ஒரு .44 மேக்னம் துப்பாக்கியும் இருக்கிறது. ப்ரூஹா டார்ன் சைன்போஸ்ட் கார்டை சுப்பீரியரில் (கார்டின் உயர்நிலைப் பலனோடு) போட்டதால் அதன் ஸ்ட்ரெங்த் (கை அடியின் பலம்) 3. யாரும் மெனூவர் (தூரத்தை மாற்றும் நகர்வு) செய்யவில்லை, ஆகவே க்ளோஸ் ரேஞ்ச் (நெருங்கிய தூரம்). ப்ரூஹா "ஹேண்ட் ஸ்ட்ரைக்" (கையால் அடி) என்கிறது. டொரியடோர் மெஜஸ்டியை (காம்பேட்டையே முடித்துவிடும் ஸ்ட்ரைக் கார்டு) வைக்கிறது. உடனே ப்ரூஹா தரப்பில் இம்மார்ட்டல் கிராப்பிள் (ஹேண்ட் ஸ்ட்ரைக் தவிர வேறெதையும் அனுமதிக்காத கார்டு) வருகிறது. "ஸ்ட்ரைக் இன்னும் ரிசால்வ் ஆகவில்லையே (பலன் நிகழவில்லையே), அதற்குள் போட்டுவிட்டேன்" என்பது வாதம். இது செல்லுமா?

மெஜஸ்டிக்குப் பதில் டாட்ஜ் (அடியிலிருந்து விலகுதல்) வந்திருந்தால், அதன்பின் ப்ரூஹா ப்ளர் கார்டைப் போட்டு வாங்கும் கூடுதல் ஸ்ட்ரைக்கையும் அந்த டாட்ஜ் தடுக்குமா? டொரியடோர் மேக்னத்தால் சுட்டிருந்தால் யார் டேமேஜ் முதலில்?

நடுநிசி

செல்லாது. கிராப்பிள் கார்டிலேயே "ஸ்ட்ரைக் தேர்ந்தெடுப்பதற்கு முன்" என்று நிபந்தனை இருக்கிறது. ப்ரூஹா வாயிலிருந்து "ஹேண்ட் ஸ்ட்ரைக்" வந்த கணமே அந்த நேரம் முடிந்துவிட்டது. மெஜஸ்டி வந்ததா இல்லையா என்பதே இதில் கணக்கில்லை.

ஒரு ரவுண்டின் வரிசை: ரேஞ்சுக்கு முன் போடுபவை, ரேஞ்ச், ஸ்ட்ரைக்குக்கு முன் போடுபவை, ஸ்ட்ரைக் தேர்வு, ஸ்ட்ரைக் ரிசால்வ், டேமேஜ், கூடுதல் ஸ்ட்ரைக், ப்ரெஸ் (காம்பேட்டைத் தொடரவோ முடிக்கவோ போடுவது). ஒவ்வொரு கட்டத்திலும் முதல் வாய்ப்பு ஆக்‌ஷன் செய்யும் தரப்புக்கு. அவர் பாஸ் சொன்னால் எதிராளிக்கு. எதிராளி ஏதாவது போட்டால் வாய்ப்பு மறுபடி முதலாமவரிடம் திரும்பும். இருவரும் அடுத்தடுத்து பாஸ் சொன்னால் அந்தக் கட்டம் மூடிவிடும், திரும்பத் திறக்காது.

இதில்தான் ப்ரூஹா பக்கம் அடிக்கடி தவறு நடக்கிறது. ஸ்ட்ரைக்கை முதலில் சொல்ல வேண்டியது அவர். எதிராளி அதைக் கேட்டுவிட்டுத் தன்னுடையதைத் தேர்ந்தெடுக்கிறார். எனவே எதிராளி கையில் மெஜஸ்டி இருக்குமோ என்ற சந்தேகம் இருந்தாலே கிராப்பிளை முன்கூட்டியே போட்டுவிட வேண்டும். பார்த்துவிட்டுப் போடலாம் என்று காத்திருக்க வழியே கிடையாது.

மேஜிக்: தி கேதரிங் கார்டு விளையாட்டை ஆடிப் பழகியவர்களுக்கு இந்தக் குழப்பம் வருவது இயல்பு. இரண்டையும் வடிவமைத்தவர் ரிச்சர்ட் கார்ஃபீல்ட்தான். 1994-இல் ஜிஹாத் என்ற பெயரில் வந்து, 1995-இல் இன்றைய பெயர் பெற்றது இந்த விளையாட்டு. ஆனால் மேஜிக்கில் இருப்பது போல ஒரு கார்டுக்குப் பதிலாக இன்னொன்றை மேலே அடுக்கும் ஸ்டாக் இதில் இல்லை.

கருவௌவால்

மற்ற இரண்டுக்கும் பதில் சொல்கிறேன்.

டாட்ஜ் என்பதும் ஒரு ஸ்ட்ரைக்தான். தன் ஜோடியாக வரும் எதிர் ஸ்ட்ரைக்கை மட்டும் தடுக்கும். ஃபர்ஸ்ட் ஸ்ட்ரைக்காக (மற்றதற்கு முன்பே விழும் அடி) இருந்தாலும் தடுக்கும், ஆனால் அந்த ஜோடியோடு அதன் வேலை முடிந்தது. ப்ளர் சுப்பீரியரில் இரண்டு கூடுதல் ஸ்ட்ரைக் தரும். டொரியடோர் தனக்கும் கூடுதல் ஸ்ட்ரைக் வாங்கவில்லை என்றால் அந்த இரண்டின்போதும் சும்மா நிற்க வேண்டியதுதான், டாட்ஜ் கார்டு கையில் இருந்தாலும் போட முடியாது. ஒரு ரவுண்டில் ஒரு வேம்பயர் ஒரே ஒரு வழியில்தான் கூடுதல் ஸ்ட்ரைக் வாங்கலாம் என்பதையும் கவனியுங்கள். ஒரு ப்ளருக்கு மேல் இன்னொரு ப்ளர் கிடையாது.

மேக்னம் விஷயத்தில் இரண்டும் ஒரே நேரம். ப்ரூஹாவுக்கு 2, டொரியடோருக்கு 3. டொரியடோர் 3 ரத்தத்தையும் இழந்து டார்ப்பருக்குப் (செயலற்ற உறக்க நிலைக்குப்) போகும், ஆனாலும் அதன் குண்டு பாயும். ஃபர்ஸ்ட் ஸ்ட்ரைக் இருந்தால் மட்டுமே எதிரியின் அடி வருமுன் வீழ்த்த முடியும். ஸ்ட்ரைக்: காம்பேட் எண்ட்ஸ் (மெஜஸ்டி போன்றது) அதற்கும் முன்னால் ரிசால்வ் ஆகும், எந்த ரேஞ்சிலும்.

நடுநிசி

ஒரு திருத்தம். டொரியடோர் டார்ப்பருக்குப் போகாது. 3 டேமேஜுக்கு 3 ரத்தம் எரித்து ஆறிவிடும். ரத்தம் 0 ஆனாலும் அது ரெடியாகவே நிற்கும். ஆற்ற ரத்தமில்லாமல் ஒரு டேமேஜாவது மிஞ்சினால்தான் டார்ப்பர். நீங்கள் சொன்ன ப்ளர் இங்கேதான் உதவும். முதல் கூடுதல் ஸ்ட்ரைக்கிலேயே 3 டேமேஜ் ஆறாமல் நிற்கும், டொரியடோர் விழும்.

அக்ரவேட்டட் டேமேஜ் (ரத்தம் எரித்து ஆற்ற முடியாத டேமேஜ்) கலந்து வந்தால் இன்னும் கவனம் வேண்டும். முதலில் தடுப்புக் கார்டுகள், பிறகு சாதா டேமேஜ், கடைசியில்தான் அக்ரவேட்டட். உதாரணமாக ரத்தம் 3, வந்தது சாதா 2, அக்ரவேட்டட் 2 என்று வையுங்கள். சாதாவுக்கு 2 எரிகிறது, மிச்சம் 1. முதல் அக்ரவேட்டட்டை ஆற்ற முடியாது, வேம்பயர் காயப்படுகிறது. இரண்டாவது விழும்போது அழியாமல் இருக்க அந்தக் கடைசி ரத்தத்தை எரிக்கிறது. முடிவு: காலியாக டார்ப்பரில். அதே வேம்பயரிடம் ரத்தம் 1, வந்தது சாதா 2, அக்ரவேட்டட் 1 என்றால்? ஒன்றை ஆற்றி ரத்தம் 0, ஒன்று மிஞ்சிக் காயம். ஏற்கெனவே காயப்பட்டதன் மேல் அக்ரவேட்டட் விழுகிறது, எரிக்க ரத்தமில்லை. வேம்பயரே எரிந்துபோகும். வரிசையை மாற்றிக் கணக்கிட்டால் அது தப்பித்துவிட்டது போலத் தெரியும். அதனால்தான் ரத்த டோக்கன்களை மொத்தமாக அள்ளாமல் ஒவ்வொன்றாக எடுக்கச் சொல்வார்கள்.

பனிநிலா

நன்றி, தெளிவாகிவிட்டது. இன்னும் ஒன்று: போட்ட கார்டுக்குப் பதிலாக கட்டிலிருந்து உடனே எடுப்பது கிராப்பிளாக இருந்தால்? டொரியடோர் அதிலிருந்து தப்ப என்ன வழி?

கருவௌவால்

திருத்தத்துக்கு நன்றி நடுநிசி, டார்ப்பர் விஷயத்தில் நான் சொன்னது தவறுதான்.

எடுத்த கார்டின் நேரம் இன்னும் திறந்திருந்தால் தாராளமாகப் போடலாம். டார்ன் சைன்போஸ்ட்டுக்குப் பதிலாக கிராப்பிள் வந்தால், ரேஞ்ச் முடிந்து க்ளோஸ் என்றானதும் அது செல்லும். ஸ்ட்ரைக் சொன்ன பிறகு எடுத்ததென்றால் அடுத்த ரவுண்டு வரை கையில் இருக்கட்டும்.

கிராப்பிள் விழுந்துவிட்டால் மெஜஸ்டி, டாட்ஜ், துப்பாக்கி எதுவும் அந்த ரவுண்டில் கிடையாது, இரு தரப்புக்கும் ஹேண்ட் ஸ்ட்ரைக் மட்டும். ஆகவே டொரியடோர் முந்த வேண்டிய இடம் ரேஞ்ச். மேக்னத்தோடு ஒரு மெனூவர் உண்டு, காம்பேட்டுக்கு ஒரு தடவை. அதைச் செலவழித்து லாங் ரேஞ்சுக்குப் போனால், ப்ரூஹாவிடம் திருப்பி இழுக்க மெனூவர் இல்லாதவரை கிராப்பிளைப் போடவே முடியாது, ஹேண்ட் ஸ்ட்ரைக்கும் எட்டாது. உங்கள் உதாரணத்தில் டொரியடோர் அந்த மெனூவரைக் கையில் வைத்துக்கொண்டே க்ளோஸ் ரேஞ்சுக்கு ஒத்துக்கொண்டது. சுப்பீரியர் கிராப்பிள் என்றால் கூடவே ஒரு ப்ரெஸ்ஸும் வரும். அடுத்த ரவுண்டு நடந்தால் அதில் ரேஞ்ச் கட்டமே இல்லை, நேரடியாக க்ளோஸ். மிச்சம் பிடித்த மெனூவர் அப்போது பயன்படாது.