டால்ஃபின் கிக்: முழங்காலை மட்டும் மடக்கும் பிள்ளைகளை என்ன செய்வது?

குன்னூர் பி.டி. மாஸ்டர்

வணக்கம். குன்னூருக்கு அருகே ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். எங்கள் குளம் 20 மீட்டர் நீளம். வெந்நீர் வசதி கிடையாது. ஏப்ரலில்கூடக் காலை வேளையில் தண்ணீர் 21 டிகிரியைத் தாண்டுவதில்லை. பிள்ளைகளுக்கு வயது 8 முதல் 11 வரை. ஃப்ரீஸ்டைல் நன்றாகவே நீந்துகிறார்கள். டால்ஃபின் கிக் (பட்டர்ஃபிளை நீச்சலில் இரண்டு காலையும் சேர்த்து அலைபோல அடிக்கும் உதை) என்று வந்தால்தான் திண்டாட்டம். கிக்போர்டை, அதாவது மிதவைப் பலகையை, பிடித்துக்கொண்டு முழங்காலை மடக்கி மடக்கி அடிக்கிறார்கள். தண்ணீர் தெறிக்கிறதே தவிர ஆள் நகர்வதில்லை. ஒரு சிறுமி பின்னோக்கியே போகிறாள், பொய் சொல்லவில்லை.

இதற்கிடையில் வீடியோ பார்த்துவிட்டு வரும் பெற்றோர் வேறு. நெய்வேலியில் வளர்ந்த சாஜன் பிரகாஷ் 2021-இல் ரோமில் 200 மீட்டர் பட்டர்ஃபிளையை 1 நிமிடம் 56.38 விநாடியில் நீந்தி ஒலிம்பிக்குக்கு நேரடித் தகுதி பெற்றாரே, அதைச் சொல்லி, "பையனை டால்ஃபின் கிக் அடித்து நீருக்குள்ளேயே 15 மீட்டர் போக வையுங்கள் சார்" என்கிறார்கள். நான் எங்கிருந்து தொடங்குவது?

உதகை அப்பா

ஃபின்ஸ் (காலில் மாட்டும் ரப்பர் துடுப்பு) வாங்கிக் கொடுங்கள் சார். என் மகளுக்கு அதை மாட்டியதும் கிக் தானாகவே வந்துவிட்டது.

கோத்தகிரி கோச்சம்மா

தம்பி, முதலில் அந்தக் கிக்போர்டுகளை அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள். பலகையைப் பிடித்தால் தலை நிமிர்ந்துகொள்கிறது, மார்பு அசைய வழியில்லாமல் போகிறது. மிச்சம் இருப்பது முழங்கால்தான், பிள்ளை அதைத்தானே மடக்கும்? சமவெளியில் பல காலம் பயிற்சி கொடுத்துவிட்டு இங்கே வந்து ஓய்வாக இருப்பவள் நான். பலகையோடு டால்ஃபின் கிக் கற்றுக்கொடுப்பதைப் பார்த்தால் இன்றும் எரிச்சல் வருகிறது.

இந்த உதை காலில் பிறப்பதில்லை. மார்பில் தொடங்கி, இடுப்பு வழியாக இறங்கி, பாதத்தில் முடிகிறது. பிள்ளைகளிடம் இதை வாயால் சொல்லிப் பயனில்லை. ஒரு ஜமுக்காளத்தை மைதானத்துக்குக் கொண்டுவந்து ஒரு முனையைப் பிடித்து உதறிக் காட்டுங்கள். அலை மறுமுனைக்கு ஓடுவதைப் பார்த்தாலே பாதி புரிந்துவிடும்.

அடுத்தது சுவர். சுவருக்கு ஒரு சாண் முன்னால், முதுகைக் காட்டி நிற்கட்டும். கைகளை மேலே நீட்டி, ஒரு கைமேல் மறு கையை வைத்து, புஜங்கள் காதை ஒட்டியிருக்கட்டும். பின்புறத்தால் சுவரைத் தொட வேண்டும், பிறகு இடுப்பை முன்னே தள்ள வேண்டும். கைவிரல் நுனிகள் ஆடாமல் இருக்க வேண்டும். உங்கள் ஊர்க் குளிருக்கு இது நல்லதுதான். தண்ணீரில் இறங்குவதற்குள் உடம்பு சூடாகிவிடும்.

தண்ணீரில் முதலில் மல்லாந்துதான். கைகள் தொடையோரம். மூச்சுக்குத் தட்டுப்பாடு இல்லை, நீங்களும் முகத்தைப் பார்த்துப் பேசலாம். முழங்கால் தண்ணீருக்கு மேலே எட்டிப் பார்த்தால் பிள்ளை சைக்கிள் மிதிக்கிறது என்று பொருள். கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு: மல்லாந்திருக்கும்போது காலைக் கீழே அழுத்துகிறோமே, அதுதான் குப்புற நீந்தும்போது காலை மேலே கொண்டுவரும் வேலை. எல்லாப் பிள்ளைகளும் கோட்டைவிடும் பாதி அதுதான். கீழே ஓங்கி அடித்துவிட்டு, கால் மேலே வருவதை விதியிடம் விட்டுவிடுவார்கள். இரண்டு பக்கமும் உதைக்கிறார்களா என்று அறிய, நன்றாக நீந்தத் தெரிந்தவர்களை மட்டும் ஆழமான பகுதியில் செங்குத்தாக நிற்கவைத்து, கைகளை மார்பின் மேல் கட்டிக்கொண்டு 10 விநாடி உதைக்கச் சொல்லுங்கள். முன்பக்கம் மட்டும் உதைக்கும் பிள்ளை இடம்விட்டு நகர்ந்துவிடும்.

பின்னோக்கிப் போகும் சிறுமிக்குக் கணுக்கால் இறுகியிருக்கும். பாதம் நீளாமல் கொக்கி மாதிரி மடங்கி நின்றால் தண்ணீரை முன்பக்கம்தான் தள்ளும். குளிரில் இது இன்னும் மோசம். ஆகவே டால்ஃபின் கிக்கை வகுப்பின் தொடக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள், உதடு நீலம் பாரித்த பிறகு வேண்டாம். போட்டிக் குளங்களில் தண்ணீர் 25 முதல் 28 டிகிரி வரை இருக்க வேண்டும் என்பது விதி. அதற்காக எழுதிய பயிற்சி அட்டவணையை உங்கள் குளத்தில் அப்படியே நடத்த முடியாது.

உதகை அப்பா சொல்கிற ஃபின்ஸ் பிற்பாடு உதவும். குட்டையானதும் மென்மையானதுமாக வாங்குங்கள். நீளமானவை உதையின் வேகத்தைக் குறைத்து முழங்காலுக்குச் சுமையாகும்.

குன்னூர் பி.டி. மாஸ்டர்

மிக்க நன்றி அம்மா. சுவர்ப் பயிற்சியும் ஜமுக்காளமும் நன்றாக எடுபட்டன (பள்ளி விடுதி வார்டன்தான் ஜமுக்காளத்தைத் தேடிக்கொண்டிருந்தார்). பலருக்கு இடுப்பு அசைகிறது. இரண்டு சந்தேகங்கள். ஒருவனுக்குக் கால்கள் ஒரே மட்டத்தில் இல்லை, ஒன்று சற்று மேலே நிற்கிறது. போட்டியில் தகுதிநீக்கம் செய்வார்களா? அந்த 15 மீட்டர் பெற்றோருக்கு என்ன சொல்வது?

குன்னூர் பிசியோ

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். வளரும் பிள்ளைகளுக்குக் கீழ்முதுகை மட்டும் வளைத்து வளைத்து உதைப்பது நல்லதல்ல. முதுகு வலிக்கிறது என்று ஒரு பிள்ளை சொன்னால் அன்றைக்கு அத்துடன் நிறுத்திவிடுங்கள். வயிற்றுத் தசைக்கான எளிய பயிற்சிகளையும் சேர்த்துக்கொள்ளலாம்.

கோத்தகிரி கோச்சம்மா

பிசியோ சொல்வது சரி. உதை சின்னதாகவும் விரைவாகவும் இருந்தாலே முதுகு பிழைத்துக்கொள்ளும்.

மட்டம் கொஞ்சம் முன்பின் இருந்தால் தகுதிநீக்கம் இல்லை. இரண்டு காலும் சேர்ந்து அசைய வேண்டும். ஃப்ரீஸ்டைல் போல மாறி மாறி அடிக்கக் கூடாது, தவளை போல விரிக்கவும் கூடாது.

பெற்றோரிடம் இதைச் சொல்லுங்கள்: 15 மீட்டர் என்பது போட்டியில் நீருக்குள் போவதற்கான எல்லை, இலக்கு அன்று. 1988 சியோல் ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் டேவிட் பெர்காஃப் 100 மீட்டர் பேக்ஸ்ட்ரோக்கின் (மல்லாந்து நீந்துவது) முதல் நீளத்தில் 30 மீட்டருக்கும் மேல் நீருக்குள்ளேயே போனார். தங்கம் வாங்கியது ஜப்பானின் டைச்சி சுசுகி. அவரும் நீருக்குள் வெகுதூரம் போனவர்தான். அதன்பிறகு பேக்ஸ்ட்ரோக்குக்கு முதலில் 10 மீட்டர், பிறகு 15 மீட்டர் என்று வரம்பு வைத்தார்கள். 1998-இல் பட்டர்ஃபிளைக்கும் ஃப்ரீஸ்டைலுக்கும் அது வந்தது. அளவுக்குமேல் போனவர்களைத் தடுக்கப் போட்ட கோட்டை ஒன்பது வயதுப் பையன் எட்டிப் பிடிக்க வேண்டும் என்பது என்ன நியாயம்?

அதிலும் குன்னூர் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 80 சதவீதம்தான். அங்கே 5 மீட்டர், நான்கைந்து நல்ல உதை, மேலே வந்து மூச்சு. இந்த வயதுக்கு அது போதும். யார் அதிக தூரம் என்று பந்தயம் வைக்காதீர்கள். இறங்குவதற்கு முன் வேகமாக மூச்சை இழுத்து இழுத்து விடும் பழக்கத்தைக் கண்டால் உடனே தடுத்துவிடுங்கள். அப்படிச் செய்தால் உடம்பில் கரியமில வாயு குறைந்து, மூச்சு முட்டும் உணர்வே எழாது. பிள்ளை எச்சரிக்கை எதுவும் இல்லாமல் நீருக்குள் மயங்கிவிடும். மேலே நிற்பவருக்கு அது அமைதியாக நீந்துவதாகத்தான் தெரியும். ஆகவே நீருக்குள் உதைக்கும் பயிற்சியில் ஒரு நேரத்தில் ஒரு லேனில் ஒருவர் மட்டும் போகட்டும். கண்ணை எடுக்காமல் பார்க்க ஒரு பெரியவர் கரையில் இருக்கட்டும். போட்டிக்கென்று கோவைக்கு இறங்கும்போது மூச்சு தாராளமாக இருக்கும், தூரத்தை அங்கே பார்த்துக்கொள்ளலாம்.

அந்தச் சிறுமி இப்போது முன்னால் போகிறாளா?

குன்னூர் பி.டி. மாஸ்டர்

போகிறாள் அம்மா. கொஞ்சம் கோணலாக, லேன் கயிற்றில் இடித்துக்கொண்டு.